இரண்டாயிரத்து நானூறு வெள்ளி

வியாழன் இரவு வேலைக்குள் போய்
வெள்ளி காலை வெளியே வருகிறவள் நான்.
பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை, இரண்டாம் மாடி.
தலை முதல் கால்வரை வெள்ளை அங்கி,
கண் மட்டும் எனக்குச் சொந்தம்.
அதையும் பன்னிரண்டு மணி நேரம்
நுண்ணோக்கிக்கு வாடகைக்கு விட்டிருக்கிறேன்.

சில்லுகளில் தங்கக் கம்பி பார்ப்பது என் வேலை.
தலைமுடியில் மூன்றிலொரு பங்கு தடிமன்.
ஒன்றையொன்று தொட்டால் குப்பை.
தொட்டதுபோல் தெரிந்தால் மட்டும்
தட்டைக் கொஞ்சம் சாய்க்க வேண்டும்.
சாய்த்ததும் தெரியும்
ஒன்று மேலே, ஒன்று கீழே,
நடுவில் ஒரு பள்ளத்தாக்கு.
பாஸ்.

அடுத்த நாற்காலி தவமலர்.
முழங்கைக்கும் முழங்கைக்கும் ஒரு சாண்.
தீபாவளி முடிந்ததிலிருந்து பேச்சில்லை.
கூட்டுப் பணம்.
பத்துப் பேர், மாதம் முந்நூறு.
இரண்டாவது மாதமே எடுத்தாள்,
அதோடு சரி.
கூட்டுப் பிடித்தவள் நான் என்பதால்
அவளுடைய எட்டு மாதத்தையும் நானே கட்டினேன்.
கோயிலில் ஒன்பது பேரும்
ஆளுக்கொரு திசை பார்த்து நிற்பார்களே,
அப்படி உட்கார்ந்துதான்
ஒரே மேசையில் தங்கம் பார்க்கிறோம்.

ஐந்தே முக்காலுக்குக் கடைசி ஓய்வு, பத்து நிமிடம்.
அங்கியைக் கழற்ற மூன்று,
மறுபடி மாட்ட மூன்று.
மிச்சம் நாலு நிமிட வானம்.

மோட்டார்சைக்கிள் கொட்டகையைத் தாண்டினால் கிழக்கு.
கடல்.
இரண்டாம் பாலத்தின் விளக்குகள்
பத்துக் கட்டைக்கு நீண்டு போகின்றன.
அதற்கு மேலே இரண்டு வெளிச்சம்.
ஒன்று கண் கூசும்படி.
ஒட்டினாற்போல் இன்னொன்று, சற்று அடக்கமாக.

"ஏரோப்ளேனா?" என்றாள் காக் ரொஹாயா.
விமான நிலையத்தின் பக்கத்தில் பிழைக்கிறவர்களுக்கு
எது மின்னினாலும் முதல் சந்தேகம் அதுதான்.
காத்திருந்தோம்.
இறங்கவில்லை.
அவள் மிச்சப் பலகாரத்தை வாயில் போட்டுக்கொண்டு
உள்ளே போய்விட்டாள்.

சுண்டுவிரலை நீட்டி ஒரு கண்ணை மூடினேன்.
இரண்டும் விரலுக்குப் பின்னால் போயின.
அசுரர்களுக்கு ஒரு குரு, தேவர்களுக்கு ஒரு குரு.
தீராத வழக்குள்ள இரண்டு வாத்தியார்கள்
இடமில்லாத கடையில்
ஒரே மேசையில் தேத்தண்ணிக்கு உட்கார்ந்த மாதிரி.
'வராக்கடன் வரும்' என்று பத்திரிகையில் போட்டிருந்தது.
எந்த ராசிக்கு என்று பார்க்கவில்லை.

பின்னால் கதவுச் சத்தம்.
தவமலர்.
கன்னத்தில் முகக்கவசத்தின் கோடு.
என்னைப் பார்க்காமல், கடலைக் கேட்டாள்:
"இதுல வெள்ளி எது?"

ஒன்பது மாதத்தில்
அவளிடமிருந்து எனக்கு வந்த முதல் வெள்ளி அது.

"பெருசு" என்றேன்.
"ரெண்டும் ஒட்டிக்கிச்சா?"
"இல்ல. இங்கேருந்து பார்த்தா அப்படி."

இன்னும் சொல்லியிருக்கலாம்.
சின்னதாகத் தெரிவதுதான் பெரியது என்றும்
அது சூரியனுக்கும் அப்பால் எங்கோ நிற்கிறது என்றும்.
சாய்த்துப் பார்க்க அங்கே தட்டில்லை,
நாம் நிற்பதே தட்டு,
அது தானாகச் சாயும், நாளைக்கு ஒரு விரல் அளவு,
அடுத்த வாரம் பார்த்தால்
இவையா சேர்ந்து நின்றன என்று தோன்றும் என்றும்.
சொல்லவில்லை.
வாய் திறந்தால் எட்டு மாதமும் சேர்ந்து வரும்.

அவளும் விரலை நீட்டி மறைத்துப் பார்த்தாள்,
மோதிர விரலை.
வேலையில் எல்லோரும் மோதிரம் கழற்றுவதுதான், விதி.
ஆனால் மோதிரம் போட்டவள் விரலில்
வெளுத்த ஒரு வளையம் இருக்கும்.
கொட்டகை விளக்கில் பார்த்தேன்,
அவள் விரலில் அந்த வெளுப்பே இல்லை.
தோல் கறுத்து ஒன்றாகியிருந்தது.
எவ்வளவு நாளானால் அப்படி ஆகும்?

பழுது பார்க்கவே பழகிய கண்.
அணைத்து வைக்கத் தெரியவில்லை.

மணி அடித்தது.
ஒருவர் பின் ஒருவராகக் காற்றறைக்குள் போனோம்.
ஊதி, தூசி தட்டி, அவரவர் நாற்காலி.
முதல் தட்டிலேயே இரண்டு கம்பி
தொட்டாற்போல் இருந்தன.
சாய்த்தேன்.
ஒரு தடவை போதும் எனக்கு, எப்போதும்.
இன்று இந்தப் பக்கம், அந்தப் பக்கம்,
திரும்பவும் இந்தப் பக்கம்.

அவள் தட்டு முடித்து அடுத்ததை எடுத்துவிட்டாள்.